நனிசைவ உணவும் ஊட்டச்சத்துக் குறைபாடும்

நனிசைவ உணவு என்பது இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், மோர், நெய், தேன் உள்ளிட்ட விலங்குவழிப் பொருட்கள் அனைத்தையும் விலக்கி, தாவர உணவுகளை மட்டும் கொள்ளும் உணவு முறை ஆகும். நன்கு திட்டமிட்டு உண்டால் வளர்ந்தவர்களுக்கு இம்முறை போதுமானதாக அமையும். ஆயினும் உயிர்ச்சத்து பி12, கால்சியம், உயிர்ச்சத்து டி, இரும்பு, அயோடின், துத்தநாகம், ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றில் குறைபாடு தோன்றும் வாய்ப்பு இதில் உண்டு. இவற்றுள் பி12 தனித்து நோக்கத்தக்கது. மற்றச் சத்துகளைத் தாவர உணவிலிருந்தோ, உப்பு, சூரிய ஒளி போன்றவற்றிலிருந்தோ முயன்று பெறலாம். பி12-ஐ நம்பத்தக்க அளவில் தரும் இயல்பான தாவர உணவு எதுவும் இல்லை.

இக்குறைபாடு மெதுவாகத் தோன்றுவது, தொடக்கத்தில் வேறு நோய்களைப் போலத் தோற்றமளிப்பது, தாயிடம் வெளிப்படாமலேயே கைக்குழந்தையைத் தாக்கக்கூடியது ஆகிய மூன்று காரணங்களால் விழிப்புணர்வு முதன்மை பெறுகிறது. கைக்குழந்தைகளிடம் இக்குறைபாடு ஏற்படுத்தும் நோயை விவரித்த முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று தமிழ்நாட்டின் வேலூரில் நடைபெற்றது.

சைவமும் நனிசைவமும்

தமிழில் சைவ உணவு என்னும் சொல் பொதுவாகப் புலால் விலக்கிய உணவைக் குறிக்கும். பாலும் தயிரும் நெய்யும் அதில் அடங்கும். திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம், தமிழ்ச் சமணர்களின் கொல்லாமை நெறி, வடலூரில் 1867 இல் சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க வள்ளலாரின் சீவகாருணியம் எனப் புலால் மறுப்புக்குத் தமிழகத்தில் நீண்ட மரபு உண்டு. இம்மரபு பெரும்பாலும் பாலை விலக்கவில்லை.

நனிசைவம் இதிலிருந்து வேறுபடுவதற்குக் காஞ்சிபுரம் நல்ல எடுத்துக்காட்டு. நகரின் தெற்கே பாலாற்றை ஒட்டி அமைந்துள்ள செவிலிமேடு, முன்னர் தனிப் பேரூராட்சியாக இருந்து பின்னர் காஞ்சிபுரம் நகராட்சியுடன் இணைக்கப்பட்டது. காஞ்சிபுரம் 2021 இல் மாநகராட்சி ஆனது. பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற இந்நகரில் சைவ உணவுப் பழக்கம் உடைய குடும்பங்கள் பல உள்ளன. இத்தகைய வீடுகளில் நாள் உணவு மோர்ச் சோற்றுடனோ தயிர்ச் சோற்றுடனோ நிறைவுறும். காஞ்சிபுரம் இட்லி மிளகு, சீரகம், சுக்கு ஆகியவற்றுடன் பெரும்பாலும் நெய்யும் சேர்த்துச் செய்யப்படுகிறது. இவை அனைத்தும் சைவ உணவு. ஆனால் நனிசைவ உணவு அல்ல.

நனிசைவம் உணவோடு நிற்பதுமில்லை. பட்டு நூல் எடுப்பதற்காகக் கூட்டுப்புழுக்கள் கூட்டுடன் வெந்நீரில் இடப்பட்டோ வெப்பமூட்டப்பட்டோ கொல்லப்படுவதால், நனிசைவக் கொள்கையினர் பட்டாடையையும் தவிர்க்கின்றனர். பட்டைப் போற்றும் ஊரில் பிறந்த சைவர் ஒருவர் நனிசைவராக மாறும்போது உடையும் உணவும் ஒருங்கே மாறுகின்றன. உடை மாற்றத்தால் உடல்நலத்துக்குத் தீங்கில்லை. உணவு மாற்றத்திலோ, ஏற்கனவே குறைவாக இருந்த ஒரே பி12 ஊற்றும் நின்றுவிடுகிறது.

விருப்பத்தால் அன்றி வறுமையால் பால் வாங்க இயலாமல் நனிசைவ உணவுக்கு நெருக்கமாக உண்போரும் உள்ளனர். கொள்கை எதுவாயினும் உடலில் நிகழ்வது ஒன்றே என்பதால், கீழே கூறப்படுபவை அவர்களுக்கும் பொருந்தும்.

வரலாறு

நனிசைவச் சங்கம் டொனால்ட் வாட்சன் உள்ளிட்ட சிலரால் 1944 நவம்பரில் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. அப்போது உயிர்ச்சத்து பி12 இன்னும் கண்டறியப்படவில்லை. 1948 இல் தான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே அது பிரித்தெடுக்கப்பட்டது. அதன் மூலக்கூற்று அமைப்பை ஊடுகதிர்ப் படிகவியல் வழியே விளக்கிய டோரதி ஹாட்ஜ்கின் 1964 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஆகவே தொடக்ககால நனிசைவர்கள் தம் உணவில் எது இல்லை என்பதை அறிய வழியே இல்லை. பிரித்தானிய நனிசைவர் சிலரிடம் நாப்புண், கை கால்களில் உணர்வு மாற்றம் முதலிய அறிகுறிகள் காணப்பட்டமை 1950களில் ஆய்வுகளில் பதிவாகியது.

இதற்கு முன்னரே, தொடர்புடைய வேறோர் உயிர்ச்சத்தின் வரலாறு இந்தியாவில் தொடங்கியிருந்தது. இங்கிலாந்து மருத்துவரான லூசி வில்ஸ் 1928 இல் இந்தியாவுக்கு வந்து, மும்பையிலும் நீலகிரியின் குன்னூரிலும் பணியாற்றினார். கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட, இரத்த அணுக்கள் பெரிதாகும் வகை இரத்தசோகை, நொதிச்சாற்றுப் பொருள் ஒன்றினால் குணமாவதை அவர் கண்டார். அப்பொருளில் இருந்த காரணி பின்னர் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது. ஃபோலிக் அமிலமும் பி12-உம் உடலில் இணைந்து செயற்படுபவை. ஒன்றின் குறைபாட்டை மற்றொன்று மறைக்கக்கூடும் என்பது நனிசைவர்களுக்கு இன்றும் முக்கியமான செய்தி ஆகும்.

வேலூர் ஆய்வுகள்

1962 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் லான்செட் மருத்துவ இதழில், இந்தியக் கைக்குழந்தைகளிடம் காணப்படும் பி12 குறைபாடு பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். அதில் தாய்ப்பாலை நம்பி வளர்ந்த ஆறு குழந்தைகளின் நிலை விவரிக்கப்பட்டது. சூழலில் ஆர்வமின்மை, கற்ற செயல்களை மறந்து பின்னடைதல், கை கால்களில் தன்னிச்சையற்ற அசைவுகள், தோல் கருமையடைதல், இரத்தசோகை ஆகியன இக்குழந்தைகளிடம் காணப்பட்டன. தாய்மாரிடமும் பி12 குறைவாகவே இருந்தது. பி12 அளிக்கப்பட்டபோது குழந்தைகள் தேறினர்.

இக்கட்டுரை உணர்த்திய உண்மை எளியது. தாயின் உடலில் இல்லாதது தாய்ப்பாலிலும் இராது. வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றும் தாயின் குழந்தை, வயிறு நிறையத் தாய்ப்பால் பெற்றும் குறைபாட்டுக்கு உள்ளாகலாம். வட இந்தியாவில் 1950களில் விவரிக்கப்பட்ட குழந்தை நடுக்க நோய்த்தொகுப்பும் இதனுடன் நெருங்கிய தொடர்புடையதாகக் கருதப்படுகிறது.

1963 இல் பேக்கரும் உடன் பணியாற்றியோரும் தோல் கருமையடைவதைப் பி12 குறைபாட்டின் அறிகுறியாகப் பிரித்தானிய மருத்துவ இதழில் விவரித்தனர். விரல் கணுக்களின் மேற்புறம், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகிய இடங்களில் இக்கருமை எளிதில் புலப்படும். கருநிறத் தோலுடையோரிடம் இது வெயிலால் ஏற்பட்டது எனத் தவறாகக் கொள்ளப்படுவது உண்டு.

1980 இல் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகியோர் நேச்சர் இதழில் மற்றுமொரு முடிவை வெளியிட்டனர். நலமாயிருந்த தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில நுண்ணுயிர்கள் பி12-ஐ உருவாக்க வல்லவை என்பதே அது. குடலே தேவையானதை உருவாக்கிக்கொள்ளும் என்ற கூற்றுக்கு இவ்வாய்வு சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆயினும் அதே மக்களிடையே குறைபாடும் பரவலாகக் காணப்படுவதால், இதனை நம்பத்தக்க ஊற்றாகக் கொள்ள இயலாது. பெருங்குடலில் நுண்ணுயிர்கள் ஏராளமாக உருவாக்கும் பி12-உம் உடலுக்குப் பயன்படுவதில்லை. உறிஞ்சப்படும் இடமான சிறுகுடலின் இறுதிப் பகுதியை அது கடந்துவிட்டதே காரணம்.

இந்தியாவிலிருந்து குடிபெயர்ந்தோரிடமும் இச்சிக்கல் தொடர்ந்தது. இலண்டனின் ஹாரோ பகுதியில் வாழ்ந்த இந்துச் சைவ உணவினரிடையே காணப்பட்ட, பி12 குறைவோடு தொடர்புடைய இரத்தசோகை குறித்துச் சனாரின் குழுவினர் 1985 இல் எழுதினர்.

உயிர்ச்சத்து பி12

தோற்றம்

பி12-ஐச் செடிகளோ விலங்குகளோ உருவாக்குவதில்லை. சில நுண்ணுயிர்கள் மட்டுமே உருவாக்குகின்றன. மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், தீவனத்திலுள்ள கோபால்ட்டைக் கொண்டு பி12-ஐ ஆக்குகின்றன. அது பாலிலும் இறைச்சியிலும் சேர்கிறது. மாத்திரைகளில் உள்ள பி12-உம் நுண்ணுயிர் நொதித்தல் முறையிலேயே உற்பத்தி செய்யப்படுகிறது. எனவே பி12 தன்னளவில் நனிசைவப் பொருளே. உறையாகப் பயன்படும் செலட்டின் விலங்குகளிலிருந்து பெறப்படுவதால், நனிசைவர்கள் உறைமாத்திரையின் உறையை மட்டும் கவனித்தல் வேண்டும்.

உறிஞ்சல்

உணவிலுள்ள பி12, இரைப்பை சுரக்கும் உள்ளார்ந்த காரணி என்னும் புரதத்துடன் இணைந்து சிறுகுடலின் இறுதியில் உறிஞ்சப்படுகிறது. ஒரு வேளையில் இவ்வழியே ஏறத்தாழ 1.5 முதல் 2 மைக்ரோகிராம் மட்டுமே செல்ல முடியும். அதற்கு மேற்பட்ட அளவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு மட்டும் இக்காரணியின் துணையின்றி ஊடுருவிச் செல்லும். நாள்தோறும் உண்ணும் மாத்திரையின் அளவு சிறியதாகவும், வாரம் ஒருமுறை உண்ணும் மாத்திரையின் அளவு மிகப் பெரியதாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

முதுமை, இரைப்பை அழற்சி, குடல் நோய்கள், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளின் நீண்டகாலப் பயன்பாடு, நீரிழிவுக்கு வழங்கப்படும் மெட்ஃபார்மின் ஆகியன உறிஞ்சலைக் குறைக்கும். நீரிழிவு மிகுந்த தமிழ்நாட்டில் மெட்ஃபார்மின் உண்ணும் நனிசைவருக்கு இடர் இருமடி ஆகிறது.

தேவையும் இருப்பும்

அமெரிக்கப் பரிந்துரைப்படி வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராமும், கருவுற்றோருக்கு 2.6 மைக்ரோகிராமும், பாலூட்டுவோருக்கு 2.8 மைக்ரோகிராமும் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010 இல் 1 மைக்ரோகிராம் எனப் பரிந்துரைத்து, 2020 இல் அதனை இரண்டு மைக்ரோகிராமுக்கு மேலாக உயர்த்தியது.

கலப்புணவு உண்பவரின் உடலில், பெரும்பாலும் கல்லீரலில், 2 முதல் 5 மில்லிகிராம் வரை பி12 சேமிப்பில் இருக்கும். இது பல ஆண்டுகளுக்குப் போதும். இச்சேமிப்பே பொய்யான நம்பிக்கைக்கும் இடமளிக்கிறது. மூன்று ஆண்டுகளாக நனிசைவராக இருந்தும் நலமாக இருப்பதாகக் கூறும் ஒருவர், பழைய சேமிப்பைச் செலவிட்டுக்கொண்டு இருக்கலாம்.

பிறவி முதலே சைவராக இருப்பவரின் நிலை வேறு. நூறு மில்லிலிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 0.4 முதல் 0.5 மைக்ரோகிராம் பி12 மட்டுமே உண்டு. நாளும் இரண்டு குவளைப் பால் அல்லது தயிர் உண்பவர் தேவையை ஓரளவு எட்டலாம். காப்பியில் கலக்கும் சிறிது பாலும், நீர் மிகுதியாகச் சேர்த்த மோரும் மட்டும் கொள்பவரின் சேமிப்பு எப்போதும் குறைவாகவே இருக்கும். அத்தகையோர் பாலையும் நிறுத்தும்போது, புலால் உண்டு பின்னர் நனிசைவராக மாறும் மேலைநாட்டவரைவிட விரைவில் குறைபாட்டை அடைவர். மேலைநாட்டு நூல்கள் கூறும் கால அளவை இங்குள்ளோர் அப்படியே ஏற்றல் பொருந்தாது.

பரவல்

இந்தியாவில் 2016–18 இல் நடத்தப்பட்ட தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 14 விழுக்காட்டினருக்கும், 5 முதல் 9 வயதினரில் 17 விழுக்காட்டினருக்கும், 10 முதல் 19 வயதினரில் 31 விழுக்காட்டினருக்கும் பி12 குறைபாடு இருந்தது. இது எல்லா உணவுப் பழக்கத்தினரையும் உள்ளடக்கிய கணக்காகும். பால் கிடைக்கும் நாட்டிலேயே இந்நிலை என்பது நோக்கத்தக்கது. இங்கிலாந்தின் எபிக்-ஆக்ஸ்போர்டு ஆய்வின் ஒரு பகுதியாக 2010 இல் வெளியான முடிவின்படி, ஆராயப்பட்ட நனிசைவ ஆண்களில் 52 விழுக்காட்டினரிடமும் சைவ ஆண்களில் 7 விழுக்காட்டினரிடமும் குறைபாடு காணப்பட்டது.

புனேயில் 1993 இல் தொடங்கிய தாய்மை ஊட்டச்சத்து ஆய்வு நீண்டகால விளைவுகளை ஆராய்ந்தது. கருவுற்ற காலத்தில் பி12 குறைவாகவும் ஃபோலேட் மிகுதியாகவும் இருந்த தாய்மாரின் குழந்தைகளிடம், ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிகுதியாக இருந்ததை யாக்னிக் குழுவினர் 2008 இல் வெளியிட்டனர்.

அறிகுறிகள்

வளர்ந்தவர்களிடம் பின்வருவன காணப்படலாம்.

- சோர்வு, மூச்சு வாங்குதல், முகம் வெளிறுதல்
- நாக்கு சிவந்து வழவழப்பாதல், நா எரிச்சல், வாய்ப்புண்
- கால், கைகளில் மரமரப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு
- இருட்டிலோ கண்ணை மூடியோ நிற்கையில் தள்ளாட்டம்
- மறதி, எரிச்சல், மனச்சோர்வு
- விரல் கணுக்கள் கருமையடைதல்

கைக்குழந்தைகளிடம் அறிகுறிகள் பெரும்பாலும் நான்காம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையே தோன்றும். சிரிப்புக் குறைதல், தாய் முகம் நோக்காமை, தலை நிற்காமை, ஏற்கனவே உட்கார்ந்த குழந்தை உட்கார இயலாமற் போதல், முடி நிறம் மங்கி அடர்த்தி குறைதல், நடுக்கம் ஆகியன குறிப்பிடத்தக்கவை. சிகிச்சை தொடங்கிய பின்னர்ச் சில நாட்கள் நடுக்கம் தோன்றவோ மிகவோ கூடும். இரத்தசோகை விரைவில் நீங்கிவிடும். நரம்பு மண்டலத்துக்கு ஏற்பட்ட தீங்கு, சிகிச்சை தாமதமானால் முழுமையாக நீங்காமற் போகலாம். மூளை விரைந்து வளரும் பருவத்தில் இழந்த மாதங்கள் திரும்பக் கிடைப்பதில்லை என்பதே இக்குறைபாட்டின் கடுமை.

மறைந்திருக்கும் குறைபாடு

ஃபோலிக் அமிலம் மிகுதியாக உட்கொள்ளப்பட்டால், பி12 குறைபாட்டால் தோன்றும் இரத்தசோகை மட்டும் குணமாகிவிடலாம். நரம்புச் சிதைவு தொடரும். கீரை, பயறு ஆகியவற்றில் ஃபோலேட் மிகுதி என்பதால் நனிசைவரிடம் இரத்தசோகை வெளிப்படாமலேயே நரம்புத் தீங்கு முதலில் தோன்றக்கூடும்.

2018 இல் தொடங்கிய இரத்தசோகையற்ற இந்தியா திட்டத்தின்கீழ்க் கருவுற்ற பெண்களுக்கு நாளும் வழங்கப்படும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. பி12 இல்லை. குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடுகளைத் தடுக்க ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது என்பதால் இம்மாத்திரையைத் தவிர்த்தல் கூடாது. நனிசைவ உணவு கொள்ளும் பெண் தம் உணவு முறையை மருத்துவரிடம் கூறிப் பி12-ஐயும் சேர்த்துப் பெறுதலே உரிய வழி.

குறைபாட்டை அறிய இரத்தத்தில் பி12 அளவு பார்க்கப்படுகிறது. எல்லைக்கோட்டு அளவில் இருந்தால் மெத்தில்மலோனிக் அமிலம், ஓமோசிஸ்டீன் ஆகியவற்றின் அளவுகள் ஐயத்தைத் தீர்க்க உதவும்.

பிற ஊட்டச்சத்துகள்

கால்சியம்

பாலை விலக்குவோருக்குக் கேழ்வரகு சிறந்த மாற்றாகும். இந்திய உணவு அட்டவணைகளின்படி நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 344 மில்லிகிராம் கால்சியம் உண்டு. எள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, கொள்ளு ஆகியனவும் உதவும். பசலைக்கீரை போன்றவற்றில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியம் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால் அவற்றை இதற்கென நம்புதல் தகாது. எபிக்-ஆக்ஸ்போர்டு ஆய்வின் 2020 ஆம் ஆண்டு முடிவின்படி, நனிசைவர்களுக்கு எலும்பு முறிவு இடர் புலால் உண்போரைவிட 43 விழுக்காடு மிகுதி. குறைந்த உடல் எடை, குறைந்த கால்சியம், குறைந்த புரதம் ஆகியன இதற்கு ஓரளவு காரணங்கள்.

உயிர்ச்சத்து டி

தோலில் வெயில் படுவதால் உருவாகும் இச்சத்து உணவில் குறைவாகவே கிடைக்கும். வெயில் மிகுந்த ஊரிலும், பகல் முழுதும் வீட்டினுள் தறியில் அமர்ந்திருப்போருக்கும் அலுவலகத்தில் பணிபுரிவோருக்கும் குறைபாடு ஏற்படலாம். டி3 வகை பெரும்பாலும் செம்மறியாட்டு மயிர்க் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. பாசிக்காளானிலிருந்து பெறப்படும் டி3-உம், டி2 வகையும் நனிசைவர்களுக்கு உகந்தவை.

இரும்பும் துத்தநாகமும்

தாவர உணவில் உள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. தானியம், பயறுகளில் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிணைத்து வைக்கிறது. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியன இப்பிணைப்பைக் குறைக்கும். இட்லி மாவும் முளைகட்டிய பயறும் இவ்வகையில் பயனுள்ளவை. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றை உணவோடு உண்பது இரும்பு உறிஞ்சலைக் கூட்டும். உணவோடு காப்பி, தேநீர் அருந்துவது அதனைக் குறைக்கும்.

அயோடின்

இந்தியாவில் அயோடின் கலந்த உப்பு இச்சத்தின் முதன்மை ஊற்று. 2006 முதல் நேரடி உணவுப் பயன்பாட்டுக்கு அயோடின் கலவாத உப்பை விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது. இயற்கை உணவு என்ற எண்ணத்தில் இந்துப்புக்கோ அயோடின் சேர்க்காத கல்லுப்புக்கோ மாறும் நனிசைவர், பாலையும் கடல் உணவையும் விலக்கியிருப்பதால் அயோடின் குறைபாட்டுக்கு உள்ளாகலாம். அயோடின் குறைவு கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

புரதம்

அரிசிப் புரதத்தில் இலைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. எனவே சோறும் சாம்பாரும், இட்லி, பொங்கல் ஆகியனவும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. சிக்கல் சேர்க்கையில் அன்று, அளவில்தான் எழுகிறது. நீர்த்த சாம்பாருடன் சோற்றையே மிகுதியாக உண்டால் புரதம் போதாது. சுண்டல், நிலக்கடலை, சோயா ஆகியவற்றைச் சேர்த்தல் நலம்.

ஒமேகா-3

ஆளி விதை, அக்ரூட் ஆகியவற்றில் உள்ள ஆல்பா-லினோலெனிக் அமிலத்தை உடல் சிறிதளவே நீண்ட தொடர் கொழுப்பு அமிலங்களாக மாற்றும். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் பாசி எண்ணெயிலிருந்து அவற்றை நேரடியாகப் பெறலாம்.

தவறான கருத்துகள்

- பழைய சோறு, இட்லி, தோசை ஆகியன புளிப்பதால் பி12 தரும் என்பது பரவலான நம்பிக்கை. இவற்றைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தேவையான அளவு பி12-ஐ உறுதியாகத் தருவதில்லை. இவ்வுணவுகளின் பிற நன்மைகள் இதனால் குறைவதில்லை.
- சுருள்பாசியில் பி12 மிகுதி என விளம்பரப்படுத்தப்படுகிறது. அதில் இருப்பது பெரும்பாலும் மனித உடலில் செயற்படாத போலி வடிவம். சில ஆய்வக முறைகள் இதனையும் உண்மையான பி12 எனக் கணக்கிட்டுவிடும்.
- கழுவாத காய்கறியில் ஒட்டியுள்ள மண்ணால் பி12 கிடைக்கும் என்பது நம்பத்தக்கது அன்று. அதனால் குடற்புழுவும் தொற்றும் வரக்கூடும்.
- வீட்டில் அரைத்த தேங்காய்ப் பால், பாதாம் பால், சோயாப் பால் ஆகியன பசும்பாலுக்கு ஈடு எனக் கருதப்படுகின்றன. செறிவூட்டப்படாத இப்பால்களில் பி12 இல்லை. கால்சியமும் குறைவு. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக இவற்றைக் கொடுத்தல் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

செறிவூட்டலும் அரசுத் திட்டங்களும்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 இல் செறிவூட்டப்பட்ட உணவுகளுக்கான விதிகளையும், 2022 இல் நனிசைவ உணவுகளுக்கான விதிகளையும் வெளியிட்டது. பச்சை வட்டக் குறி சைவ உணவு என்பதை மட்டுமே காட்டும். அப்பொருளில் பால் இருக்கலாம். நனிசைவப் பொருளுக்குத் தனிக் குறி உண்டு. நனிசைவக் குறி இருப்பதால் பி12 இருப்பதாகப் பொருள் இல்லை. உறையிலுள்ள ஊட்டச்சத்து அட்டவணையைப் படித்தே அதனை அறிய முடியும்.

இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றால் செறிவூட்டிய அரிசியை அரசுத் திட்டங்களில் வழங்கும் முடிவு 2021 இல் அறிவிக்கப்பட்டு, படிப்படியாகச் செயற்படுத்தப்பட்டது. விதிகளின்படி இவ்வரிசியில் கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் வரை பி12 இருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு இதனால் ஏறத்தாழ 0.3 மைக்ரோகிராம் கிடைக்கும். இது துணையாகுமே அன்றித் தேவையை நிறைவு செய்யாது.

தமிழ்நாட்டில் 1982 இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில், பின்னாளில் அவித்த முட்டையும் சேர்க்கப்பட்டது. முட்டை உண்ணாத மாணவர்களுக்கு வாழைப்பழம் வழங்கப்படுகிறது. ஒரு முட்டையில் ஏறத்தாழ அரை மைக்ரோகிராம் பி12 உண்டு. வாழைப்பழத்தில் அது இல்லை. இம்மாணவர்கள் வீட்டில் பாலும் அருந்தாதவராயின் பெற்றோர் இதனை ஈடுசெய்தல் வேண்டும்.

பரிந்துரைகள்

இங்கிலாந்து நனிசைவச் சங்கம் தன் உறுப்பினர்களுக்குப் பின்வரும் மூன்று வழிகளில் ஒன்றைப் பரிந்துரைக்கிறது.

- செறிவூட்டப்பட்ட உணவுகளின் வழி நாளொன்றுக்குக் குறைந்தது 3 மைக்ரோகிராம் பி12-ஐப் பல வேளைகளாகப் பெறுதல்
- நாள்தோறும் குறைந்தது 10 மைக்ரோகிராம் மாத்திரை உண்ணுதல்
- வாரம் ஒருமுறை குறைந்தது 2000 மைக்ரோகிராம் மாத்திரை உண்ணுதல்

இவை குறைபாடு வராமற் காக்கும் அளவுகள். குறைபாடு ஏற்பட்டுவிட்டால் மருத்துவர் வழிகாட்டலில் ஊசி மருந்தோ உயர் அளவு மாத்திரையோ தேவைப்படும்.

குழந்தைகள், கருவுற்றோர், பாலூட்டுவோர் ஆகியோருக்கு இவ்வுணவு ஏற்றதா என்பதில் அமைப்புகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. நன்கு திட்டமிட்ட நனிசைவ உணவு வாழ்வின் எல்லாப் பருவங்களுக்கும் ஏற்றது என அமெரிக்க ஊட்டச்சத்து மற்றும் உணவியல் கழகம் 2016 இல் கூறியது. 2025 இல் அது வெளியிட்ட புதிய அறிக்கை வளர்ந்தவர்களை மட்டுமே கருத்தில் கொண்டது. செருமானிய ஊட்டச்சத்துச் சங்கம் 2016 இல் இக்குழுவினருக்கு நனிசைவத்தைப் பரிந்துரைக்கவில்லை. 2024 இல் ஆதரவாகவோ எதிராகவோ உறுதியான பரிந்துரை வழங்க இயலாது எனத் தன் நிலைப்பாட்டை மாற்றியது. பி12 தனியே எடுக்கப்பட வேண்டும் என்பதில் இவ்வமைப்புகள் அனைத்தும் ஒத்த கருத்துடையவை.

நன்மைகள்

நனிசைவர்களிடம் சராசரி உடல் எடையும், கெட்ட கொழுப்பு எனப்படும் தாழடர்த்திக் கொழுப்புப் புரத அளவும், இரண்டாம் வகை நீரிழிவு இடரும் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. முழுத்தானியம், பயறு, காய்கறி, பழம் ஆகியவற்றை மிகுதியாக உண்பதே இதற்குக் காரணம். தீட்டிய அரிசி, சர்க்கரை, எண்ணெயில் பொரித்த பண்டங்கள் ஆகியனவும் நனிசைவ உணவுகளே. அவற்றையே நம்பி வாழ்பவருக்கு மேற்கூறிய நன்மைகள் கிடைப்பதில்லை. உயிர்களுக்குத் தீங்கு செய்யாமை என்னும் அறநோக்கிற்கும் ஒரு சிறு மாத்திரை உண்பதற்கும் முரண்பாடு எதுவும் இல்லை. நனிசைவக் கொள்கையைப் பரப்பும் சங்கங்களே இதனை வலியுறுத்துகின்றன.

இவற்றையும் பார்க்க

- நனிசைவம்
- சைவ உணவு
- உயிர்ச்சத்து பி12
- ஃபோலிக் அமிலம்
- இரத்தசோகை
- தாய்ப்பால்
- சத்துணவுத் திட்டம்
- காஞ்சிபுரம்